பக்கம் ஏழில் விழுந்தவள்

இழவுச் செய்தி சொல்கிற குரலில்தான் செயலாளர் போனில் பேசினார்.

"அவ முடிச்சிட்டாம்மா."

டைப்பிஸ்ட் டைப் அடிப்பதை நிறுத்தினாள். "யாரு சார்? எதை முடிச்சா?"

"உன் நாத்தனார்தான். பந்தயத்தை. பத்து கிலோமீட்டரையும் ஓடி முடிச்சிட்டா."

"விழலையா சார்?"

"ஒரு தடவை கூட விழலையாம். கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?"

டைப்பிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம் அது. துள்ள முடியவில்லை. அறையின் மூலையில், கயிறு கட்டிய கட்டுகளாக, முன்னூறு புத்தகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பக்கம் ஏழு. ஒவ்வொரு பக்கம் ஏழிலும் அவள் நாத்தனார், இரண்டாவது கிலோமீட்டரில் தடுக்கி விழுந்து கிடந்தாள்.

அது பனி விளையாட்டுச் சம்மேளனத்தின் அலுவலகம். இரண்டாவது மாடி, கீழே சைக்கிள் கடை. பனி என்பது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டும் விளைகிற நாட்டுக்கு அப்படி ஒரு சம்மேளனம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தலைவர் தன் கண்ணாடி அலமாரியைக் காட்டியிருப்பார். அதில் ஐந்து குளிர்காலப் போட்டிகளின் ஐந்து அறிக்கைகள் பளபளவென்று நின்றன. அலுவலகத்து ஏசி மட்டும் மூன்று வருடமாக வேலை செய்யவில்லை.

நாலு வருடத்துக்கு ஒருமுறை உலக நாடுகளெல்லாம் கூடி நடத்தும் குளிர்காலப் போட்டிக்கு இந்த முறை பன்னிரண்டு பேர் கொண்ட அணி போயிருந்தது. தலைவர், தலைவரின் மனைவி, செயலாளர், மூன்று இணைச் செயலாளர்கள், மேலாளர், துணை மேலாளர், கொடி எடுத்துப் போக ஒருவர், தோல் டாக்டர் ஒருவர், பனி ஆலோசகர் ஒருவர். பன்னிரண்டாவது ஆள் விளையாடுகிறவள்; காலில் சறுக்குக் கட்டை மாட்டிப் பனியில் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டியவள். பனி ஆலோசகர் தலைவரின் மாப்பிள்ளை. ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார் என்பதால் பனியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

விளையாட்டுக்காரிக்கு மீன் ஏற்றுமதிக் கிடங்கில் வேலை. மைனஸ் பதினெட்டில் எட்டு மணி நேரம் பெட்டி அடுக்குகிறவள். கிடங்கில் அவளுக்குப் பெயரே 'ஐஸ்'தான். வேலை முடிந்ததும் கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் இருக்கும் தார் ரோட்டில், சக்கரம் வைத்த சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கம்பு ஊன்றிப் பறப்பாள். லாரி டிரைவர்கள் பதறிப்போய் வண்டியை நிறுத்தி, "காலுக்கு என்னம்மா ஆச்சு?" என்று விசாரிப்பார்கள். அப்படியே பழகி, வெளிநாட்டில் நடந்த சக்கரக் கட்டைப் பந்தயங்களில் ஓடித் தகுதியும் வாங்கிவிட்டாள்.

அறிக்கை விஷயத்தில் சம்மேளனத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. அணி ஊர் திரும்பிய அன்றே வரவேற்பு விழா. விழாவில் அமைச்சர் கையால் அறிக்கை வெளியாக வேண்டும். அச்சகத்துக்கோ பதினைந்து நாள் வேண்டும். ஆகவே அணி புறப்படுவதற்கு முன்பே, அணி எப்படி விளையாடியது என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஐந்து முறையும் அப்படித்தான். ஐந்து முறையும் போனவர்கள் விழுந்தார்கள். அறிக்கை ஒருமுறை கூடப் பொய்த்ததில்லை.

பழைய ஃபைலைப் பார்த்து டைப்பிஸ்ட்தான் பக்கம் ஏழை அடித்தாள். தேதியை மாற்றினாள். 'வீரர்' என்று இருந்ததை 'வீராங்கனை' ஆக்கினாள். 'இரண்டாவது கிலோமீட்டரில் எதிர்பாராத பனிமேட்டில் தடுக்கி விழுந்து, எழ முயன்று, இயலாமல் விலகினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.' எப்போதும் நடப்பதுதானே என்று இருந்துவிட்டாள்.

"சார், கேட்கிறீங்களா? எத்தனாவதா வந்தா?"

"எண்பத்து மூணு. நூத்திப் பதினொரு பேர்ல."

"நீங்க யாரும் பார்க்கலையா?"

"வெளிய மைனஸ் பன்னெண்டும்மா. ஹோட்டல்ல ஹீட்டர் பக்கத்துல இருந்தோம். விழுந்துட்டான்னு ஆம்புலன்ஸ்ல இருந்து போன் வரும்னு காத்திருந்தா, அவளே கதவைத் தட்டி, சிரிச்சுக்கிட்டு நிக்கறா. தலைவருக்கு பிபி ஏறிடுச்சு."

"நல்ல விஷயம்தானே சார். ரிப்போர்ட்டை மாத்திடலாமே."

"மாத்தறதா? முன்னுரை யாரு எழுதினது? அமைச்சர். 'இவரது வீழ்ச்சி ஆயிரம் எழுச்சிக்குச் சமம்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். அவர்கிட்டப் போயி, ஐயா, பொண்ணு விழ மறந்துட்டான்னு யாரு சொல்றது? நீ சொல்றியா?" செயலாளர் மூச்சு வாங்கினார். "ரிப்போர்ட்டை மாத்த முடியாது. பொண்ணைத்தான் மாத்தணும். டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். இடது கால்ல கட்டு. ஏர்போர்ட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி ஏற்பாடு பண்ணிடு."

"ஆனா சார், முடிவெல்லாம் இணையத்துல இருக்குமே!"

"எண்பத்து மூணாவது வரைக்கும் எவன்மா உருட்டிப் பார்க்கப் போறான்?"

போன் வைக்கப்பட்டது. டைப்பிஸ்ட் எழுந்துபோய் ஒரு கட்டைப் பிரித்தாள். பக்கம் ஏழைப் பார்க்கத்தான் எடுத்தாள். விரல் தவறிப் பக்கம் ஒன்பது திறந்துகொண்டது.

அவள் அடித்தது எட்டுப் பக்கம்தான். ஒன்பதாவது எங்கிருந்து வந்தது?

'பாதியில் விலகியவர்களை மீண்டும் அனுப்புவதில்லை என்ற சம்மேளன விதிப்படி, காலியாகும் இடத்துக்கு நம் பனி ஆலோசகரையே அடுத்த போட்டியில் வீரராக அனுப்பப் பரிந்துரைக்கிறோம்.'

கீழே தலைவரின் கையெழுத்து. அச்சகத்தில் செயலாளரே நேரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். நாளை மறுநாள் விழாவில் அமைச்சர் இந்தப் புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டால் அது அரசு ஆவணம். ஐஸ் மறுபடி மீன் பெட்டிக்குப் போக வேண்டியதுதான். நாலு வருடம் கழித்து ஐஸ்கிரீம் மாப்பிள்ளை நாட்டுக்காகச் சறுக்குவார்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்ததும் காது கிழிந்தது.

"அண்ணீ! எனக்குப் பின்னாடி இருபத்தெட்டுப் பேர்! அதுல ரெண்டு பேரு ஊர்ல ஆறு மாசம் பனியாம். என்னைத் தாண்ட முடியலை அண்ணி!"

"தெரியும்டி."

"தெரியுமா? அப்ப ஏன் குரல் இப்படி இருக்கு? இங்கயும் எல்லார் மூஞ்சியும் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு. தோல் டாக்டர் வந்து என் காலைத் தடவிப் பார்த்து, கட்டுப் போட்டுட்டுப் போறாரு. எங்கயும் வலிக்கலைன்னு சொன்னா, வலிக்கும், போகப் போக வலிக்கும்கறாரு. என்ன அண்ணி நடக்குது?"

மென்று முழுங்க நேரமில்லை. டைப்பிஸ்ட் சொல்லிவிட்டாள். "ரிப்போர்ட்ல நீ விழுந்துட்ட. ரெண்டாவது கிலோமீட்டர்ல."

"எந்த ரிப்போர்ட்ல? யாரு எழுதினது?"

செயலாளரைக் கைகாட்டியிருக்கலாம். பழைய ஃபைலைக் கைகாட்டியிருக்கலாம். "நான்தான் அடிச்சேன்."

"எப்ப?"

"நீ கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி. ஒரு புதன்கிழமை."

ஐஸின் குரல் இறங்கியது: "அன்னைக்கு சாயங்காலம்தானே எனக்குக் கம்பளிக் காலுறை வாங்கிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"காலைல விழ வெச்சிட்டு, சாயங்காலம் காலுறையா அண்ணி?"

டைப்பிஸ்ட் கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தாள். பக்கம் ஒன்பதையும் படித்துக் காட்டினாள். ஐஸ் கொதித்தாள்.

"இப்பவே கட்டை அவுத்து அந்த மாப்பிள்ளை மூஞ்சியில எறியறேன்."

"எறிஞ்சா ஒழுக்கக்கேடுன்னு பக்கம் பத்து வரும். பேசாம கட்டோட வா. மேடை வரைக்கும் வந்துடு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கிட்டதைத்தான் பார்த்தேனே" என்றுவிட்டு ஐஸ் போனை வைத்தாள்.

மீதியை எப்படிப் பார்ப்பது என்று டைப்பிஸ்டுக்கு அப்போது தெரியாது. தலைவரின் மேஜையைத் தாண்டிப் போகும்போதுதான் பழைய அறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுத் தாளும்.

திருத்தப் பட்டியல்.

சம்மேளனத்தில் ஒரு விதி. சாதனைகளுக்குக் கீழே தலைவர் கையெழுத்துப் போடுவார். பிழைகளுக்குக் கீழே டைப்பிஸ்ட் கையெழுத்துப் போடுவாள். திருத்தப் பட்டியலுக்கு வேறு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தப்பில் பங்கு கேட்டு யார் வரப்போகிறார்கள்?

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு பாலத் திறப்பு விழாவில் அமைச்சர் அச்சடித்ததை அப்படியே வாசித்து, எண்ணூறு மீட்டர் பாலத்தை எண்ணூறு கிலோமீட்டர் ஆக்கிவிட்டார். ஒரு வாரம் நாடே சிரித்தது. அன்றிலிருந்து எந்த விழாவுக்குப் போனாலும், புத்தகத்தைப் பிரித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "திருத்தம் இருக்கா?" இருந்தால் அதைத்தான் முதலில் வாசிப்பார். சத்தமாக. மைக்கில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் டைப்பிஸ்ட் தன் கணவரையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். விஷயம் தெரிந்ததிலிருந்து மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்து மஞ்சள் தாள்களை வெட்டியபடியேதான் வாயைத் திறந்தார்.

"நாலு மாடி லிஃப்டா இருந்தாக்கூட, ஓட்டிப் பார்த்துட்டுத்தான் நாங்க ஓடுது ஓடலைன்னு எழுதுவோம். நீங்க என்னடான்னா, ஏறறதுக்கு முன்னாடியே என் தங்கச்சி கயித்தை அறுத்து விட்டுட்டீங்க."

"தப்புதாங்க."

"உனக்கு அவ மேல நம்பிக்கையே இல்லை, இல்ல?"

"இல்லாமதான் இருந்துச்சு." அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "இப்ப பசையைத் தடவுங்க."

துண்டுத் தாளில் மூன்றே வரிகள். ஆதாரமாக, போட்டி நடத்தியவர்களின் முடிவுப் பட்டியலில் எண்பத்து மூன்றாவது வரி. கணவர் படித்துவிட்டு முகவாயைச் சொறிந்தார்.

"நாலாவதா, அந்த மாப்பிள்ளை பனி ஆலோசகர்ங்கறதையும் திருத்திடேன்."

"அது பிழை இல்லைங்க. அதுதான் சம்மேளனம்."

அப்போதுதான் அவர் லேசாகச் சிரித்தார். முன்னூறு கையெழுத்து, முன்னூறு தடவை பசை. சட்டை தொப்பலாக நனைந்தது. பனி விளையாட்டுச் சம்மேளனத்தில் மின்விசிறியைப் போட்டால் துண்டுத் தாள் பறக்கும், போடாவிட்டால் உயிர் போகும்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் பள்ளிக்கூடத்திலிருந்து பேருந்து வைத்து அழைத்து வந்த பிள்ளைகள். தொலைக்காட்சி நேரலை. மேடையில் பதினொரு நாற்காலிகள், கூடவே ஒரு சக்கர நாற்காலி. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பனி ஆலோசகர். பதினாறு நாள் பயணத்தில் அவர் செய்த முதல் வேலை அதுதான்.

சக்கர நாற்காலியில் ஐஸ். இடது காலில் முழங்கால் வரை வெள்ளைக் கட்டு. டைப்பிஸ்ட் ஓரமாகப் பூங்கொத்துத் தட்டோடு நின்றாள். நாத்தனாரின் கண் அவள் மேல் பட்டது, தங்காமல் நகர்ந்தது.

தலைவர் இருபது நிமிடம் பேசினார். "வெற்றி யார் வேணும்னாலும் பெறலாம்! விழுந்து காட்ட ஒரு துணிச்சல் வேணும்!" தலைவரின் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிள்ளைகள் ஆசிரியர் கையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அமைச்சர் எழுந்தார். புத்தகத்தின் நாடாவை அவிழ்த்தார். கண்ணாடியை மாட்டினார்.

"திருத்தம் இருக்கா?"

"இந்தத் தடவை ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று செயலாளர் பணிவாகக் குனிந்தார்.

"இருக்கே. மஞ்சளா ஒட்டியிருக்கே." அமைச்சர் மைக்கை இழுத்துக்கொண்டார். "பக்கம் ஏழு, வரி நாலு. 'தடுக்கி விழுந்து விலகினார்' என்பதை, 'விழாமல் ஓடி முடித்து, நூற்றுப் பதினொரு பேரில் எண்பத்து மூன்றாவதாக வந்தார்' எனத் திருத்தி..."

குரல் மெதுவாகி நின்றது. அவர் தாளைப் பார்த்தார். சக்கர நாற்காலியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ விழுந்தியா, விழலையா?"

ஐஸ் எழுந்து நின்றாள். இரண்டு காலிலும். "விழலைங்க."

"அப்ப கால்ல என்ன?"

"கட்டுங்க."

"எதுக்கு?"

"ரிப்போர்ட்டுக்குங்க."

முன்வரிசையில் ஒரு பொடிசு களுக்கென்று சிரித்தது. அது பரவி அரங்கம் முழுக்க ஓடியது. இந்த முறை யாரும் ஆசிரியர் கையைப் பார்க்கவில்லை.

செயலாளர் பாய்ந்து வந்து புத்தகத்தை வாங்கப் பார்த்தார். அமைச்சர் விடவில்லை. பால விவகாரத்துக்குப் பிறகு, தொடங்கிய திருத்தத்தைப் பாதியில் விடுகிற மனிதரில்லை அவர். "வரி ஆறு. 'அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது' என்பதை, 'சம்மேளனத்தார் ஒருவரும் அரங்கில் இல்லை' எனத் திருத்தி வாசிக்கவும். பக்கம் ஒன்பது. 'காலியாகும் இடத்துக்கு' என்று தொடங்கும் பத்தியை நீக்கவும். இடம் எதுவும் காலியாகவில்லை."

தலைவரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோயிருந்தது. ஒரு சம்மேளனத் தலைவர் பனியைப் பற்றி நேரடியாக அறிந்துகொண்ட முதல் சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம்.

அமைச்சர் ஒரு கணம்தான் தயங்கினார். அரசியலில் முப்பது வருடம் சும்மா போகவில்லை. "பார்த்தீங்களா! இந்தப் பொண்ணு விழ மாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும். முன்னுரையில என்கிட்ட யாரோ தப்பா எழுதி வாங்கிட்டாங்க. நான் சொல்றேன், அடுத்த தடவையும் இந்தப் பொண்ணுதான் போகுது. இதுல யாருக்காவது திருத்தம் இருந்தா என்கிட்ட நேரா வரட்டும்!"

யாரும் போகவில்லை. கேமரா ஐஸின் காலுக்கு வந்தது. அவள் குனிந்து கட்டை அவிழ்த்துச் சுற்றி, அருகில் நின்ற பனி ஆலோசகரின் கையில் கொடுத்தாள். எறியவில்லை. அவரும் அதை வாங்கிக்கொண்டு, வேறு வழி தெரியாமல், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாளே டைப்பிஸ்டுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'முன் அனுமதியின்றி அறிக்கையில் உண்மைத் தகவலைச் சேர்த்தது ஏன்?' அவள் ஒரே வரியில் பதில் அடித்தாள்: 'பிழைகளுக்கு டைப்பிஸ்டே பொறுப்பு என்பது விதி, பிழை என்னுடையது, திருத்தினேன்.' அமைச்சர் கைகொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட பெண்ணின் அண்ணியை வேலையை விட்டுத் தூக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஃபைலை மூடிவிட்டார்கள்.

வீட்டில் ஃபைல் அவ்வளவு சீக்கிரம் மூடப்படவில்லை. ஐஸ் கம்பளிக் காலுறையைத் துவைத்து மடித்து அண்ணியின் அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. "உப்பு எங்கே" என்பதைக் கூட அண்ணன் வழியாகத்தான் கேட்டாள். மூன்றாவது நாள் காலை கிடங்குக்குக் கிளம்பும்போது அலமாரியைத் திறந்து, காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மைனஸ் பதினெட்டுல கால் விறைக்குது" என்றாள், சுவரைப் பார்த்து.

"ஆமா, விறைக்கும்" என்றாள் டைப்பிஸ்ட்.

ஒரு மாதம் கழித்துச் செயலாளர் டைப்பிஸ்டை அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் புது ஃபைல். நாலு வருடம் தள்ளி நடக்கப்போகும் போட்டியின் அறிக்கை.

"போன தடவை பட்டது போதும். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையா இருந்துடுவோம்" என்றார். "பக்கம் ஏழைத் தலைவரே சொல்லிட்டார். எழுதிக்கோ. 'தங்கப் பதக்கம் வென்றார்.'"

"சார்!"

"என்னம்மா சார்? விழுந்தான்னு எழுதினா விழ மாட்டேங்கறா. ஜெயிச்சான்னு எழுதிப் பார்ப்போம்." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் துண்டுத் தாளை நீட்டினார். "எதுக்கும் இருக்கட்டும். திருத்தப் பட்டியல்ல இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு. எத்தனாவதுங்கற இடத்தை மட்டும் காலியா விடு."

டைப்பிஸ்ட் தாளை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கேம்மா கொண்டுபோற?"

"காலி இடத்தை நிரப்ப வேண்டியவ வீட்டுல இருக்கா சார். அவகிட்ட கொடுத்து வெக்கறேன்."

சாயங்காலம் கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் பேருந்திலிருந்து இறங்கினாள். ஐஸ் மேட்டு ரோட்டில் கம்பு ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். காலில் சக்கரக் கட்டை, உள்ளே கம்பளிக் காலுறை, நெற்றியெல்லாம் வியர்வை. எதிரில் வந்த லாரி ஒன்று வேகம் குறைந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னம்மா, டிவியில எல்லாம் பார்த்தேனே. இன்னுமா கால் சரியாகலை?"